பழைய மில் நிலத்தில் வீடு கட்டலாமா?

கேள்வி: திருநெல்வேலியை ஒட்டிய எங்கள் ஊரில் ஒரு நூற்பாலை மூடி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. பதினெட்டு ஏக்கர். ஒரு மூலையில் சாயப்பட்டறையும் ஓடியது. நிலத்தை வாங்கியவர்கள் இப்போது கட்டடங்களை இடித்து மனைப்பிரிவு போடுகிறார்கள். "மண் பரிசோதனை முடிந்துவிட்டது, எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று ஒரு சான்று காட்டுகிறார்கள். என் அப்பா அந்த மில்லில் வேலை பார்த்தவர். அங்கே மூன்று சென்ட் வாங்கலாமா?

பதில்:

இப்போதைக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். அதைவிட அவசரமாக நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த வளாகத்திலிருந்து ஒரு லோடு மண்ணோ இடிபாடோ வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதிக்கும் வேலையில் முப்பது ஆண்டுகளாக இருக்கிறேன். மூடிய ஆலைகளால் நம் பக்கத்தில் நேர்ந்த கேட்டில் பெரும்பங்கு ஆலை ஓடியபோது நேர்ந்ததல்ல. ஆலை மூடியதற்கும் நிலம் விற்றதற்கும் இடைப்பட்ட காலத்தில், சோதனை எதுவும் செய்யாமல் இடித்து அள்ளியபோது நேர்ந்தது.

அது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். முதலில் பழைய இரும்புக்காரர் ஏலம் எடுக்கிறார். அவருக்கு வேண்டியது செம்பும் இரும்பும். மின்மாற்றியைத் திறந்து செம்புக் கம்பியை உருவ, உள்ளே இருக்கும் எண்ணெயை அங்கேயே தரையில் கவிழ்க்கிறார்கள். பழைய மின்மாற்றிகள் சிலவற்றின் எண்ணெயில் பாலிகுளோரினேட்டட் பைஃபீனைல் என்ற வேதிப்பொருள் இருக்கும். பிசிபி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அது மண்ணில் பல பத்தாண்டுகள் அழியாமல் கிடக்கும், உடலுக்குள் போனால் கொழுப்பில் தங்கும். அடுத்து ஆஸ்பெஸ்டாஸ் கூரையை மேலிருந்து தள்ளி உடைக்கிறார்கள். முழு ஷீட்டாக இருக்கும்வரை அதனால் பெரிய ஆபத்தில்லை. உடையும்போது பறக்கும் நார்தான் நுரையீரலைக் கெடுப்பது. நனைத்து, திருகைக் கழற்றி, முழுதாக இறக்க வேண்டிய பொருள் அது. கடைசியில் இடிபாடும் மேல்மண்ணும் நிரவல் மண்ணாக விலைக்குப் போகின்றன. யாரோ ஒருவர் பள்ளமான மனையை மேடாக்க நாற்பது லோடு வாங்குகிறார், ஒரு பள்ளிக்கூட மைதானத்துக்குப் பத்து லோடு போகிறது. ஒரு மூலையில் கிடந்த கேடு இப்படி ஊர் முழுக்கப் பரவிவிட்டால் பிறகு யாராலும் அதைத் தேடிப் பிடிக்க முடியாது.

அந்தச் சான்றிதழுக்கு வருகிறேன். அதை வாங்கி முழுவதும் படித்துப் பாருங்கள். மனை விற்பவர்கள் "மண் பரிசோதனை" என்று காட்டுவது பெரும்பாலும் மண்ணின் தாங்குதிறன் சோதனைதான். ஒரு சதுர மீட்டர் எவ்வளவு எடை தாங்கும், அடித்தளத்தை எத்தனை அடியில் போடலாம் என்பதற்கு அது பதில் சொல்லும். அந்த மண்ணில் குரோமியம் இருக்கிறதா, ஈயம் இருக்கிறதா என்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் அதில் இருக்காது. வேளாண்மைத் துறையின் மண்வள அட்டையைக் காட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து எல்லாம் அதில் இருந்தன. பத்திரமும் பட்டாவும்கூட இந்த விஷயத்தில் உதவாது. வில்லங்கச் சான்றில் அடமானம் தெரியும், விற்பனை தெரியும். சாயப்பட்டறைக்குப் பின்னால் எதைக் கொட்டினார்கள் என்பது தெரியாது.

ஒருவேளை உண்மையான வேதிச் சோதனையாகவே இருந்தாலும் இரண்டு இடத்தில் ஏமாறலாம். ஒன்று, மாதிரி எடுத்த விதம். பதினெட்டு ஏக்கரில் பத்து இடத்தில் ஒவ்வொரு பிடி மண் எடுத்து ஒன்றாகக் கலந்து சோதித்தால், ஒன்பது நல்ல பிடிக்குள் ஒரு கெட்ட பிடி கரைந்து காணாமல் போகும். உரம் போட மண் பார்ப்பதற்கு அந்த முறை சரி. நஞ்சு தேடுவதற்குத் தவறு. இரண்டாவது, அறிக்கையில் "கண்டறியும் அளவுக்குக் கீழ்" என்று எழுதியிருப்பது. குடிநீரில் ஆர்சனிக் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. ஆய்வகத்தின் முறையே 0.05-க்குக் கீழ் பார்க்க முடியாதது என்றால், வரம்பைப்போல மூன்று நான்கு மடங்கு இருந்தாலும் "கண்டறியப்படவில்லை" என்றுதான் வரும். ஆகவே எண்ணைப் பார்க்கும் முன் அந்த ஆய்வகம் எந்த அளவுவரை கண்டறியும் என்பதைப் பாருங்கள். ஆய்வகங்களின் தரத்தைப் பார்த்துச் சான்று தரும் என்.ஏ.பி.எல். அமைப்பின் அங்கீகாரம் அந்தக் குறிப்பிட்ட சோதனைக்கு இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

உங்களைப் பயமுறுத்துவது என் நோக்கம் இல்லை. பதினெட்டு ஏக்கரும் கெட்டிருக்க வாய்ப்பே இல்லை. வெறும் பஞ்சும் நூலுமாக ஓடிய கொட்டகைகளின் அடிமண் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். கெட்டிருக்கக்கூடிய இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மின்மாற்றி நின்ற மேடை, கொதிகலனுக்குப் பின்னால் சாம்பல் கொட்டிய இடம், உலை எண்ணெய்த் தொட்டி, இயந்திரங்களைப் பழுது பார்த்த பட்டறை, பேட்டரி அறை. எல்லாவற்றுக்கும் மேலாகச் சாயப்பட்டறை, அதன் வாய்க்கால், கழிவுநீர் தேங்கிய குழி. அந்தக் காலச் சாயப்பட்டறைகளில் நிறம் பிடிக்க பைகுரோமேட் உப்பு போடுவது வழக்கம். அதில் இருப்பது ஆறிணைதிறக் குரோமியம். தண்ணீரில் எளிதில் கரையும், நிலத்தடி நீரோடு நகரும், புற்றுநோய் உண்டாக்கும். சாதாரண மூவிணைதிறக் குரோமியம் மண்ணோடு ஒட்டிக் கிடக்கும், அவ்வளவு கேடு செய்யாது. இரண்டையும் ஒன்றாகக் கூட்டி "மொத்தக் குரோமியம்" என்று மட்டும் சொல்லும் மண் அறிக்கை உங்களுக்குப் பாதித் தகவல்தான் தருகிறது.

இந்த இடங்கள் எங்கே என்று கண்டுபிடிப்பதற்கு எந்தக் கருவியும் உங்கள் அப்பாவுக்கு ஈடாகாது. நான் தொழிலுக்கு வந்த புதிதில், தாமிரபரணிக் கரையோரம் மூடிக்கிடந்த ஒரு மில்லுக்கு, அங்கே கொதிகலன் பார்த்த அண்ணாச்சி ஒருவரை அழைத்துச் சென்றேன். உள்ளே உடங்காடு மண்டி, கட்டடம் எது பாதை எது என்று தெரியவில்லை. அவர் வாசல் காவல் அறையில் நின்று ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு தன் பழைய வேலை நேரத்துக்கு நடப்பவரைப்போல விறுவிறுவென்று நடந்தார். ஓரிடத்தில் நின்று செருப்பு நுனியால் மண்ணைக் கீறினார். மேலே சாதாரணச் செம்மண். நான்கு விரல் ஆழத்தில் கருப்பாக, மினுமினுப்பாக, கையில் எடுத்தால் உருண்டை பிடிக்கும் மண். சுற்றிலும் புதர் இருந்தும் அந்த எட்டடி வட்டத்தில் புல்கூட இல்லை. "எண்ணெய் டேங்க் வால்வு இங்கேதான் ஒழுகிக்கொண்டே இருக்கும். வாளி வைப்போம். இரவுப் பணியில் வாளி நிறைந்துவிடும்" என்றார். என்னிடம் இருந்த ஆலை வரைபடத்தில் அந்தத் தொட்டியை நூறடி தள்ளிக் குறித்திருந்தார்கள். இடையில் ஒருமுறை இடம் மாற்றியது காகிதத்தில் ஏறவே இல்லை. அண்ணாச்சி மட்டும் வராமலிருந்தால் நூறடி தள்ளி நல்ல மண்ணைத் துளையிட்டு, "குறையில்லை" என்று நானே எழுதிக் கொடுத்திருப்பேன்.

இடங்களைக் குறித்தபின் துளையிட வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் மேல் அரையடி, பிறகு ஒன்றரை அடி, மூன்று அடி என்று, கைபடாத இயற்கை மண் வரும்வரை தனித்தனி மாதிரி எடுக்க வேண்டும். வளாகத்துக்கு வெளியே, ஆலைக் காற்றும் தண்ணீரும் எட்டாத நிலத்திலும் இரண்டு மூன்று மாதிரிகள் அவசியம். நம் பாறைகளிலேயே சில உலோகங்கள் இயல்பாகக் கொஞ்சம் இருக்கும். அந்த இயல்பு எவ்வளவு என்று தெரிந்தால்தான் ஆலை சேர்த்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியும்.

நம் பக்கத்து மண்ணைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வெளியூர் நிறுவனங்கள் இதில்தான் தடுக்கி விழுகின்றன. கங்கைகொண்டான் பக்கத்துக் கரிசல் களிமண். உலோகங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சட்டென்று கீழே விடாது. ஆனால் சித்திரை வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடித்துவிடுகிறது. அப்போது ஊற்றிய திரவம் மேல்மண்ணைத் தொடாமலே ஆறேழு அடி ஆழத்துக்கு இறங்கிவிடும். மேலே சோதித்தால் சுத்தம், கீழே கெட்டிருக்கும். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மணலில் எதுவும் நிற்காது, சல்லடைபோல இறங்கும். ஆற்றோரம் வண்டல், அதன் அடியில் சிதைந்த பாறை, அதற்கும் கீழே கெட்டிப் பாறை. கெட்டிப் பாறையில் தண்ணீர் ஓடுவது வெடிப்புகள் வழியாக மட்டுமே. ஒரு கிணற்றில் ஊற்றுக்கண் திறக்கும், பத்தடி தள்ளி வெறும் பாறை இருக்கும் என்பது கிணறு வெட்டிய எல்லோருக்கும் தெரியும். அதனால் ஆலைக்கு மிக அருகில் உள்ள கிணறு நன்றாக இருந்து, கால் மைல் தள்ளி உள்ள ஆழ்துளைக் கிணறு கெட்டிருக்கலாம். பக்கத்து வீட்டுத் தண்ணீர் இனிக்கிறது என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

தண்ணீரை இரண்டு தடவை எடுக்க வேண்டும். கோடையின் கடைசியில் ஒன்று, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை மாதத்தில் ஒன்று. மழைக்குப்பின் நீர்மட்டம் ஏறி, கோடையில் எட்டாத கெட்ட மண்ணைத் தொட்டுக் கரைத்துக்கொண்டு வரும். கோடையில் மட்டும் எடுத்த அறிக்கையை நம்பி மனை வாங்கியவர்கள் மார்கழியில் குழாயில் மஞ்சள் தண்ணீரைப் பார்த்ததுண்டு. குடிநீரில் குரோமியத்துக்கு வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், ஈயத்துக்கு 0.01, பாதரசத்துக்கு 0.001. மண்ணுக்கு இப்படி எல்லோருக்கும் பொதுவான ஒரே எண்ணைச் சொல்லிவிட முடியாது. அந்த மண்ணில் யார், எத்தனை ஆண்டுகள், எப்படிப் புழங்கப் போகிறார்கள் என்பதைப் பொறுத்து அது மாறும்.

கொடைக்கானல் நினைவிருக்கும். அங்கே வெப்பமானித் தொழிற்சாலை 2001-ல் மூடியது. மண்ணில் கலந்த பாதரசத்தை எவ்வளவுக்குக் குறைத்தால் போதும் என்ற வாதம் அதன்பிறகு எத்தனையோ ஆண்டுகள் இழுத்தது. கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று அளவு வைத்தார்கள். காட்டையும் சோலையையும் ஒட்டிய நிலத்துக்கு அது போதாது என்று மக்கள் தரப்பு போராடியது. ராணிப்பேட்டையில் குரோமேட் தொழிற்சாலை 1990-களில் மூடியபோது இரண்டு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவை மலைபோல விட்டுச் சென்றார்கள். ஆலை மூடிய பிறகும் மழைதோறும் அது கரைந்து கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. உங்கள் மில் அந்த அளவுக்கு இருக்காது. ஆனால் மழை கரைத்துக் கீழே இறக்குவது எல்லா இடத்திலும் நடக்கும்.

கெட்ட மண்ணைச் சரிசெய்ய முடியுமா என்றால், முடியும். எண்ணெய் ஊறிய மண்ணை அள்ளி, அடியில் தார்ப்பாய் விரித்துப் பாத்தி கட்டி, தொழுவுரம் கலந்து, ஈரம் காயாமல் அவ்வப்போது கிளறிவிட்டால் நுண்ணுயிர்களே எண்ணெயைத் தின்றுவிடும். சில மாதங்கள் பிடிக்கும். பிசிபிக்கு இது பலிக்காது, அந்த மண்ணைத் தனியாக எடுத்து அனுப்பத்தான் வேண்டும். ஆறிணைதிறக் குரோமியத்துக்கு, நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று விற்கும் இரும்பு சல்பேட்டே மருந்து. அது குரோமியத்தை மூவிணைதிறமாக மாற்றிக் கட்டிப்போடும். ஈயம் கலந்த மண்ணில் சிமெண்ட் கலந்து இறுக்கி வைக்கலாம். எல்லாவற்றையும் அள்ளி லாரியில் ஏற்றிவிடலாமே என்பார்கள். அபாயக் கழிவைப் புதைக்க அனுமதி பெற்ற கிடங்கு என்றால் கும்மிடிப்பூண்டிதான் எல்லோர் நினைவுக்கும் வரும். அது இங்கிருந்து 600 கிலோமீட்டருக்கு மேல். வாடகைக்குப் பயந்து பாதி வழியில் ஏதாவது ஒரு கண்மாயில் கவிழ்த்துவிட்டுப் போகும் ஆசை வரும். கழிவு உள்ள இடத்திலேயே சரிசெய்வதை நான் முதலில் சொல்வது இதனால்தான்.

சிறு அளவில் எஞ்சியதை என்ன செய்வது? அதற்கேற்ப நிலத்தைப் பயன்படுத்துவதுதான் வழி. வீடு என்றால் குழந்தை மண்ணில் விளையாடும், கொல்லையில் முருங்கையும் கீரையும் போடுவார்கள், கிணறு தோண்டுவார்கள். அந்த மண் மிகச் சுத்தமாக இருக்க வேண்டும். கிட்டங்கி, வண்டி நிறுத்தம், சந்தைக் கட்டடம் என்றால் கெட்டித் தளம் போட்டு மூடிவிடலாம். தளத்துக்கு மேலே நடப்பவருக்குக் கீழே உள்ள ஈயம் ஒன்றும் செய்யாது. நூற்புக் கொட்டகை நின்ற பகுதியில் வீடுகள், சாயப்பட்டறை மூலையில் தளம் போட்ட சந்தை என்று பிரித்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். ஆனால் ஒரு விஷயத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நம் மாநிலத்தில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயம். நல்ல சட்டம். கெட்ட மண்ணுள்ள மூலையில் மட்டும் உறிஞ்சுகுழி தோண்டினால், மொட்டை மாடித் தண்ணீர் முழுவதும் அந்த நஞ்சைக் கழுவி நிலத்தடிக்கு இறக்கும். அந்தப் பகுதிக் கூரைத் தண்ணீரைக் குழாய் வழியாகச் சுத்தமான பக்கத்துக்குக் கொண்டுபோய் இறக்க வேண்டும், அல்லது தொட்டியில் பிடித்துப் பயன்படுத்த வேண்டும். வரைபடம் போடும் பொறியாளரிடம் இதை நீங்களே சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் யார் பணம் தருவது என்பதுதான் கடினமான கேள்வி. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 1996-லேயே, நம் வேலூர்த் தோல் தொழிற்சாலைகள் வழக்கில், உறுதியாகச் சொல்லிவிட்டது. கெட்டுப்போன நிலங்களுக்கென்றே மத்திய அரசு 2025 ஜூலையில் தனி விதிகள் கொண்டுவந்தது. சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட அளவில் பட்டியலிட வேண்டும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாட்களில் முதற்கட்ட ஆய்வு முடிக்க வேண்டும், அடுத்து விரிவான ஆய்வு, கெடுத்தவர் யார் என்று கண்டுபிடித்து அவரிடம் செலவை வாங்குவது, அவர் இல்லையென்றால் மத்திய மாநில அரசுகள் ஏற்பது என்று அது போகிறது. விதி வந்த சமயத்தில் நாடு முழுவதும் இப்படி அடையாளம் கண்ட இடங்கள் 103, சீரமைப்பு தொடங்கியவை ஏழு. எந்த நாளுக்குள் சுத்தமாக்கி முடிக்க வேண்டும் என்று அதில் கெடு இல்லை. எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது. இருந்தாலும் முதன்முறையாக ஒரு சாதாரண ஊர்க்காரர் கையில் பிடித்துக் கேட்க ஒரு கயிறு கிடைத்திருக்கிறது.

அமெரிக்காவில் நயாகரா ஃபால்ஸ் ஊரில், ரசாயனம் புதைத்த லவ் கால்வாய் நிலத்தை, புதைத்த நிறுவனமே 1953-ல் பள்ளி வாரியத்துக்கு ஒரே ஒரு டாலருக்குக் கொடுத்தது. பள்ளியும் வீடுகளும் வந்தன. 1978-ல் அங்கிருந்து குடும்பங்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. அந்த அதிர்ச்சியில் 1980-ல் கடுமையான சட்டம் போட்டார்கள். நிலத்தை வைத்திருப்பவர் யாரானாலும் அவர்மேல் பொறுப்பு விழும் என்று ஆனதும், பழைய ஆலை நிலத்தை வாங்கவே ஆளில்லை. ஏற்கெனவே நொடித்த ஊர்களின் நடுவில் அவை பாழாகக் கிடந்தன, புதுக் கட்டடங்கள் ஊருக்கு வெளியே வயல்களுக்குப் போயின. வாங்குவதற்கு முன்பே முறையாகச் சோதித்தவருக்குப் பாதுகாப்பு என்று 2002-ல் திருத்தம் வந்த பிறகே அந்த நிலங்களுக்கு வழி பிறந்தது. இதை நான் நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கோடகன் கால்வாயிலும் பாளையங்கால்வாயிலும் பாயும் நஞ்சையெல்லாம் இன்று மனைக்கல் நட்டுக் கிடப்பதைப் பார்க்கிறோம். மூன்று பூ விளைந்த வயல். ஊருக்குள் சாலை, மின்சாரம், குடிநீர் எல்லாம் உள்ள மில் நிலத்தைச் சுத்தம் செய்து குடியேற முடிந்தால் அத்தனை ஏக்கர் நஞ்சை தப்பும். ஆகவே உங்கள் ஊர் மில் நிலத்தில் யாரும் வீடு கட்டவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். மில் சங்கு ஊதிய அந்த இடத்தில் மறுபடி மனித நடமாட்டம் வர வேண்டும், முறையாக வர வேண்டும் என்பதே என் ஆசை.

இந்த வாரமே செய்யக்கூடியவை: மாவட்ட ஆட்சியருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் எழுத்தில் மனு கொடுங்கள். சோதனை முடியும்வரை இடிப்பையும் மண் அள்ளுவதையும் நிறுத்தக் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் அந்த மில்லுக்கு வாரியம் கொடுத்த இசைவாணைகளையும் (ஆலையை ஓட்டக் கொடுத்த அனுமதிகள்), தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்தில் உள்ள ஆலை வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். லாரி மண் அள்ளினால் தேதியோடு படம் எடுங்கள். பயனில்லை என்று நினைக்க வேண்டாம். 2024 டிசம்பரில் கேரள மருத்துவமனைக் கழிவை நடுக்கல்லூர், கோடகநல்லூர் பக்கம் கொட்டிவிட்டுப் போனபோது ஊர்க்காரர்கள்தான் முதலில் குரல் கொடுத்தார்கள். பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டது, கேரளமே லாரிகளை அனுப்பித் திரும்ப அள்ளிச் சென்றது. சோதனை வழிகாட்டலுக்கு, ஆழ்வார்குறிச்சியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் ஆய்வு மையத்திலும் கேட்டுப் பாருங்கள். நீங்களாக அங்கே தோண்டாதீர்கள், பிள்ளைகளை உள்ளே விடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், அப்பாவையும் அவரோடு வேலை பார்த்த நான்கைந்து பேரையும் ஒரு நாள் வீட்டுத் திண்ணையில் உட்கார வையுங்கள். ஒரு பெரிய வெள்ளைத்தாளைக் கொடுங்கள். வாசலிலிருந்து தொடங்கி எது எங்கே இருந்தது, எது எப்போது இடம் மாறியது, எந்த வாய்க்காலில் எந்த நிறத் தண்ணீர் ஓடியது, குழியை எப்போது மூடினார்கள் என்று வரையச் சொல்லுங்கள். ஒருவர் மறந்ததை இன்னொருவர் எடுத்துக் கொடுப்பார். அந்தத் தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எங்கெங்கே, எத்தனை அடி துளையிட வேண்டும் என்று அதன் மேலேயே குறித்துத் தருகிறேன்.